சுவரோடு சுவர்

கேள்வி: இங்கிலாந்தில் சோல்ட்டெயர் என்ற ஊரின் தொழிலாளர் வீடுகளை மகன் படம் பிடித்து அனுப்பினான். எல்லாம் ஒட்டி நிற்கின்றன. மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசை வீடுகள் மாதிரியா?
– வாசகி, கொக்குவில்

பதில்: ஒட்டி நிற்பது மட்டும்தான் ஒற்றுமை, அம்மா. லயன் என்றால் ஓர் அறை, ஒரு விறாந்தை. இரட்டை லயனில் முதுகோடு முதுகு, பின்கதவே கிடையாது. கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சோல்ட் 1850களில் கட்டத் தொடங்கிய இந்த மணற்கல் வீடுகளில் கீழே கூடமும் குசினியும், மேலே படுக்கையறைகள், பின்னால் முற்றமும் தனிக் கக்கூசும். (நம்மூர் வேலிச் சண்டைக்கு அங்கே வேலியே இல்லை!) ஆனால் மேற்பார்வையாளருக்குப் பெரிய வீடு, முன்னால் சின்னத் தோட்டம். முகப்பே பதவியைச் சொல்லிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. வீடுகளின் பின்னாலுள்ள சந்துகளையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.