சாலையில் ஓடும் மழைநீரில் உள்ள பாக்டீரியாவை நீக்க வெறும் மணல் வடிகட்டி போதாதா? இரும்பு பூசிய மணல், பயோசார் எல்லாம் எதற்கு? வடிகட்டிய நீரைக் குடிக்கலாமா?

இந்த மாதிரி வடிகட்டிப் பொருட்களைக் குழாய்களில் நிரப்பி, அழுக்கு மழைநீரை விட்டுச் சோதிப்பது சில காலம் என் வேலையாக இருந்தது. அதை வைத்துச் சொல்கிறேன். மணல் பாக்டீரியாவை ஓரளவு பிடிக்கும், ஆனால் பிடித்ததை விட்டுவிடும். மற்ற பொருட்களைச் சேர்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது குறைக்காகத்தான்.

ஈ.கோலை என்பது நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா. அதன் நீளம் சுமார் 2 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அரை மில்லிமீட்டர் மணலில் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் சல்லடை வேலை இங்கே பெரிதாக நடக்காது. துகளின் மேல் ஒட்டினால்தான் உண்டு. ஆனால் மணலின் பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது, பாக்டீரியாவின் பரப்பும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். மழைநீரில் உப்பு குறைவாக இருப்பதால் அந்தத் தள்ளல் இன்னும் வலுவாக இருக்கும்.

இரும்புப் பூச்சு வருவது இதற்குத்தான். மணலை ஃபெரிக் குளோரைடு கரைசலில் பிசறி, சூடாக்கி உலர்த்தி, அலசும் நீர் துருநிறம் போய்த் தெளியும்வரை கழுவுவோம். கையுறை, மேசை எல்லாம் காவிநிறமாகிவிடும், அது வேறு கதை. இரும்பு ஆக்சைடின் பரப்பு நடுநிலையான நீரில் பொதுவாக நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் பாக்டீரியா நன்றாக ஒட்டும். சுத்தமான நீரில் பாக்டீரியாவைக் கலந்து விட்டால் முடிவுகள் பிரமாதமாக இருக்கும். நிஜ மழைநீரில்தான் சிக்கல். மட்கிய இலைதழையிலிருந்து கரைந்து வரும் ஹியூமிக் அமிலமும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். அது முந்திக்கொண்டு போய் இடத்தைப் பிடித்துவிடும்.

பயோசார் என்பது மரம் போன்றவற்றைக் காற்று இல்லாமல் சூடாக்கி எடுக்கும் கரி. அதன் நுண்துளைகளுக்குள் பாக்டீரியா போய் மாட்டிக்கொள்ளும் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தத் துளைகளில் பெரும்பாலானவை பாக்டீரியா நுழையவே முடியாத அளவு சிறியவை. உண்மையில் உதவுவது சொரசொரப்பான வெளிப்பரப்பும், நீரை விரும்பாத தன்மையும்தான். அதிக வெப்பத்தில் செய்த மரக்கரி இதில் மேல். பொடிக்கரி கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும்.

சரி, எது நல்லது என்று எப்படித் தெரியும்? இரண்டாவது மழையைப் பாருங்கள். முதல் மழையில் எல்லாமே ஓரளவு நன்றாக வேலை செய்யும். இடையில் சில நாள் காய்ந்து, மறுபடி நீர் இறங்கும்போது, உள்ளே நுழைந்திருந்த காற்றும் நீரும் சந்திக்கும் விளிம்பு துகள்களைத் தேய்த்துக்கொண்டு நகரும். ஒட்டியிருந்த பாக்டீரியா அதோடு பெயர்ந்து வந்துவிடும். ஈ.கோலை நீலப் புள்ளிகளாக வளரும் ஊடகத்தட்டில் (பாக்டீரியாவுக்கு உணவு நிரப்பிய ஆய்வகத் தட்டு) அந்த முதல் குவளை நீரை ஊற்றிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: வெறும் மணலிலிருந்து வந்த தட்டு எண்ண முடியாதபடி நிறைந்திருக்கும், பயோசார் கலந்ததில் புள்ளிகள் வெகு குறைவு. என் ஓட்டு பயோசாருக்குப் போவதற்கு இதுதான் காரணம்.

காய்வதைத் தடுக்க, அடியில் எப்போதும் நீர் நிற்கும்படி வெளியேற்றுக் குழாயை உயர்த்தி வைப்பதும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் நிற்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் இரும்பு ஆக்சைடு கரைய ஆரம்பிக்கும். அதனால் இரும்பு மணலை அந்த அடுக்குக்கு மேலே வைப்பது பாதுகாப்பு. அப்புறம் செம்பு ஏற்றிய ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம்) இருக்கிறது. அது பிடிப்பதோடு நிற்காமல் கொல்லவும் செய்யும். கசியும் செம்பு மீனுக்கும் பாசிக்கும் விஷம் என்பதால், அதைப் பிடிக்கக் கீழே இன்னொரு அடுக்கு இல்லாமல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குடிக்கலாமா என்பதற்கு என் பதில், கூடாது. 100 மில்லிலிட்டரில் 10,000 ஈ.கோலை இருந்து 99 சதவீதம் நீங்கினாலும் 100 மிச்சம். குளிக்கும், நீந்தும் நீர்நிலைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் பரிந்துரைத்த பெருக்கல் சராசரி (பல மாதிரிகளின் எண்ணிக்கைகளைப் பெருக்கி, மூலம் எடுத்துக் காணும் சராசரி) வரம்பு அதே 100 மில்லிலிட்டருக்கு 126, அதற்குள் வந்துவிடும். குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. செடிகளுக்கு விடுவதற்கும் ஏரியில் சேர்வதற்கு முன் சுமையைக் குறைப்பதற்கும் இது சரி. குடிக்க வேண்டுமானால் இதற்குப் பின் முறையான சுத்திகரிப்பும் கிருமிநீக்கமும் தனியாகத் தேவை.