கூரையே சோலார் பேனலாக இருக்கலாமா?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மொட்டை மாடியில் சுமார் 300 சதுர அடிக்குப் பழைய சிமெண்ட் ஷீட் கொட்டகை இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு சோலார் பேனல்களையே கூரையாகப் போட முடியுமா? கிழக்குப் பார்த்த முன்சுவரிலும் பதிக்கலாம் என்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியே மின்சாரம் தரும் ஆராய்ச்சி நடக்கிறதாமே, அதுவரை பொறுத்திருக்கலாமா?”

கூரைக்குத் தாராளமாகப் போடலாம், முன்சுவருக்கு வேண்டாம், ஜன்னலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பணம் வீணாகும் இடம் அதுதான். கட்டடத்தின் உறுப்பாகவே பேனலை அமைக்கும் ஆராய்ச்சியில் ஐரோப்பா வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம், மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகு நிறம் காட்டும் முறையைப் பின்பற்றி, மின் விளைச்சலை அதிகம் இழக்காத வண்ணப் பேனல்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் அந்த ஊர் 48 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சூரியன் தாழ்வாகவே நகர்வதால் தெற்குச் சுவரில் நல்ல வெயில் விழும். சென்னையோ 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்பதால், அப்போது தெற்குச் சுவருக்கே நேர்வெயில் கிடையாது. உங்கள் கிழக்குச் சுவருக்கு முற்பகல் வெயில் மட்டும்தான். அதையும் எதிர்வீடு மறைக்கும். பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிறு சில்லுகளான செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல்கூட ஒரு பகுதி முழுவதன் மின்சாரத்தையும் குறைத்துவிடும். நிழலே இல்லாவிட்டாலும் சுவரிலிருந்து கிடைப்பது கூரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான்.

கூரைக் கணக்கு வேறு. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். உங்கள் கொட்டகையில் 3 கிலோவாட் அடங்கும், நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு இந்தியாவிலேயே செய்த செல்கள் கொண்ட பேனல்களாக இருக்க வேண்டும். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள்.

கொட்டகை பக்கங்கள் திறந்ததாக இருக்கும்வரை வெப்பம் பெரிய சிக்கலாகாது. அதை அறையாக அடைத்துவிட்டால்தான் தொல்லை. இன்று பரவலாக விற்கும் சிலிக்கான் பேனல் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை மின்சாரத்தை இழக்கிறது. கத்திரி வெயிலில் அது 65 டிகிரியைத் தொட்டால், 14 சதவீதம் அளவுக்கு அங்கேயே போய்விடும். அந்தச் சூடு அடியில் படுத்திருப்பவர் மீதும் இறங்கும். ஆகவே பின்னாளில் அறையாக்கும் எண்ணம் இருந்தால், பேனலுக்கும் உட்கூரைக்கும் இடையே குறைந்தது 10 சென்டிமீட்டர் காற்றோட்ட இடைவெளியும், அதற்குக் கீழே வெப்பத் தடுப்புப் பலகையும் இப்போதே திட்டத்தில் இருக்க வேண்டும்.

கூரையாகப் பயன்படுத்துவதற்கு இருபுறமும் கண்ணாடி கொண்ட பேனல்களையே தேர்ந்தெடுங்கள். இரு பேனல்கள் சேரும் இடத்தில் வெறும் சிலிகான் பசையை நம்பாமல், அடியில் அலுமினிய வடிகால் அமைக்கச் சொல்லுங்கள். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் இணைப்பில் பசை மட்டும் பல மழைக்காலங்கள் தாங்காது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேனலுக்கு ஐஇசி 61701 என்னும் உப்புப் பனிச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தாங்கும் சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகவும், போல்ட்டுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் தங்காமல் இருக்கக் கூரைக்கு 10 பாகைச் சரிவாவது தேவை. கழுவுவது அதிகாலையில், மெட்ரோ தண்ணீரில். உப்பேறிய போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எத்தனை ஷீட்டுகளைப் பறக்கவிட்டது என்று நாம் பார்த்தோம். சென்னைக்கான இந்தியத் தர விதிப்படி அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திறந்த கொட்டகையைக் காற்று அடியிலிருந்தும் தூக்கும் என்பதால், தாங்கும் சட்டத்தின் கால்களைக் கட்டடத்தின் தூண் அல்லது உத்தரத்தின் மேல் மட்டுமே ஊன்ற வேண்டும். மரக்கட்டை தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், கட்டடப் பொறியாளர் பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடியில் ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது: உள்ளே வரவிடும் ஒளி மின்சாரமாகாது. இந்த ஆராய்ச்சியில் பேசப்படும் பெரோவ்ஸ்கைட் என்னும் புதுவகைப் படிகப் பொருளால் ஆன செல்கள் 2009இல் 3.8 சதவீதத் திறனில் தொடங்கி, இன்று ஆய்வகத்தில் 26 சதவீதத்தைக் கடந்துவிட்டன, மகிழ்ச்சியளிக்கும் வளர்ச்சிதான். எனினும் அந்தச் சாதனைகள் மிகச் சிறிய செல்களில் நிகழ்ந்தவை. ஈரப்பதம் அவற்றின் பெரும் பகை. சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் இன்றே கிடைக்கிறது.

கடைசியாக, வாங்கும்போதே அதே அளவில் இரண்டு பேனல்களைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். பேனலின் அளவுகள் அடிக்கடி மாறுகின்றன. பத்தாண்டு கழித்து ஒன்று உடைந்தால், பொருந்தும் பேனல் கிடைக்காமல் உங்கள் கூரையில் ஓட்டை நிற்கும்.