பெட்டி மூன்று, முகவரி ஒன்று: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மர அறுவை மில்லில் அலுவலகம், எடைமேடை, காவலாளி அறை என மூன்று இடத்துக்கும் ஒரே மாடல் மேனேஜ்டு சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி, பிரௌசரில் உள்ளே நுழைந்து அமைக்கக்கூடியது) வாங்கினோம். பிரௌசரில் 192.168.0.1 என்று அடித்தால் ஒரு தடவை எடைமேடை சுவிட்ச் திறக்கிறது, இன்னொரு தடவை காவலாளி அறை சுவிட்ச். கேமராக்கள் மட்டும் ஒழுங்காக ஓடுகின்றன. சரக்கில் கோளாறா?
(வாசகர், புளியரை)

சரக்கில் கோளாறு இல்லை. மூன்றும் தொழிற்சாலையில் போட்ட ஒரே ஐபி முகவரியோடு வந்திருக்கின்றன. சுவிட்ச் தன் வேலையை மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைப் பார்த்தே செய்துவிடும். அதற்கு ஐபி தேவையே இல்லை. அதனால்தான் கேமராக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐபி என்பது நீங்கள் உள்ளே நுழைந்து பார்ப்பதற்கான வாசல் மட்டும். '192.168.0.1 யார்?' என்று கணினி கேட்க, மூன்று பெட்டியும் 'நான்தான்' என்கின்றன. எந்தப் பதில் கணினியின் நினைவில் நிற்கிறதோ அந்தப் பெட்டி திறக்கும். உங்கள் ரௌட்டரும் அதே முகவரியில் இருந்திருந்தால் இன்டர்நெட்டே விட்டுவிட்டு வந்திருக்கும்.

முதலில் தாளில் எழுதுங்கள். ரௌட்டர் 192.168.1.1, அது டிஹெச்சிபியில் (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் முறை) தானாகக் கொடுப்பது கடைசி எண் 100 முதல் 200 வரை, சுவிட்சுகளுக்கு 11, 12, 13. தானாகக் கொடுக்கும் எல்லைக்குள் சுவிட்சை வைத்தால், ஒருநாள் யாருடைய செல்போனுக்காவது அதே எண் போய்ச் சேரும்.

பிறகு ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றி, மற்ற எந்தக் கேபிளும் இல்லாமல் லேப்டாப்போடு நேராக இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். லேப்டாப்புக்கு 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்து, சுவிட்சைத் திறந்து புது முகவரியைப் போடுங்கள். அப்ளை அழுத்தியதும் பக்கம் உறைந்து நிற்கும். பலர் இங்கேதான் பயந்து ரீசெட் ஊசியைத் தேடுகிறார்கள். வீடு மாறிவிட்டது, அவ்வளவுதான். லேப்டாப்பை 192.168.1.50க்கு மாற்றி, 192.168.1.11ஐத் திறங்கள். உள்ளே போனதும் 'சேவ்' என்பதைத் தனியாக அழுத்துங்கள். பல சுவிட்சுகளில் அப்ளை செய்தது கரன்ட் இருக்கும் வரைதான் நிற்கும். ஒரு கரன்ட் கட்டில் பழைய 192.168.0.1 திரும்பி வந்துவிடும்.

வேறு கம்பெனிப் பெட்டி வந்தால்: டி-லிங்க் பெரும்பாலும் 10.90.90.90, நெட்கியர் 192.168.0.239, சிஸ்கோவின் சிறு நிறுவன வகை 192.168.1.254. சில வகைகள் முதலில் டிஹெச்சிபியிடம் கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால்தான் இந்த எண்ணுக்கு வரும். மலையடிவாரத்தில் சித்திரை, ஐப்பசி இடிக்குச் சுவிட்ச் போவது புதிதல்ல. ஒவ்வொன்றின் கான்ஃபிக் (அமைப்பு விவர) ஃபைலையும் பென்டிரைவில் வைத்திருந்தால், அதே மாடல் மாற்றுப் பெட்டியில் ஏற்றிவிடலாம்.

கேள்வி: விசைத்தறிக் கூடத்தில் உள்ள சிஸ்கோ சுவிட்சுக்கு விலான் 1இல் (விலான் என்பது ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 192.168.10.5 கொடுத்திருக்கிறேன். கூடத்துக்குள் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஆகிறது. திருத்தணி அலுவலகத்திலிருந்து விபிஎன் (இன்டர்நெட் மேல் போடும் தனி இணைப்பு) வழியாக ஆகவில்லை. கூடத்துக் கணினிகளுக்கு மட்டும் அங்கிருந்து பிங் போகிறது.
(வாசகர், நகரி)

டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலான ரௌட்டரின் முகவரி) விட்டுப்போயிருக்கிறது. திருத்தணியின் பிங் சுவிட்ச் வரை வருகிறது. பதிலை எந்த வழியில் அனுப்புவது என்று சுவிட்சுக்குத் தெரியவில்லை. குளோபல் கான்ஃபிகில் 'ஐபி டிஃபால்ட்-கேட்வே 192.168.10.1' என்று போடுங்கள். 'ஐபி ரௌட்டிங்' (சுவிட்சே ரௌட்டர் வேலையும் பார்ப்பது) இயங்கும் சுவிட்சாக இருந்தால் அந்த வரியை அது சட்டை செய்யாது. அங்கே 'ஐபி ரௌட் 0.0.0.0 0.0.0.0 192.168.10.1' வேண்டும். வெளியிலிருந்து நுழையப் போகிறீர்கள் என்பதால் எதையும் மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை மூடி, 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கி, பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் மட்டும் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஏலக்காய் ஸ்டோரில் சிஸ்கோ சுவிட்சின் நிர்வாக முகவரியை விலான் 99க்கு மாற்றினேன். அந்த நொடியே தொடர்பு அறுந்தது. ரீசெட் செய்யவா?
(வாசகர், வண்டன்மேடு)

வேண்டாம். சேவ் செய்யவில்லையென்றால் கரன்ட்டை நிறுத்திப் போடுங்கள், பழையபடி வந்துவிடும். சேவ் செய்திருந்தால் கன்சோல் கேபிள் (நெட்வொர்க் இல்லாமலே சுவிட்சில் நேராக நுழையும் தனிக் கேபிள்) போடுங்கள்: வேகம் 9600, டேட்டா 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் 1. உள்ளே மூன்றைப் பாருங்கள். விலான் 99 உண்மையில் உருவாக்கப்பட்டிருக்கிறதா? அடுத்த சுவிட்சுக்கோ ரௌட்டருக்கோ போகும், பல விலான்களைச் சுமக்கும் அப்லிங்க் டிரங்க்கில் 99 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா? 99ஐச் சுமக்கும் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்கிறதா? அப்படி ஒரு போர்ட்டும் இல்லையென்றால் நிர்வாக முகவரி உட்காரும் விலான் 99 இன்டர்ஃபேஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

அடுத்த முறை, சும்மா இருக்கும் ஒரு போர்ட்டை முதலில் விலான் 99இல் போட்டு, அதில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்த பிறகே பழைய முகவரியை எடுங்கள். வேலை தொடங்கும் முன் இருப்பதைச் சேவ் செய்து, 'ரீலோட் இன் 10' அடித்துவிடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டாலும் 10 நிமிடத்தில் சுவிட்ச் பழைய கான்ஃபிகோடு எழும். ஆனால் வேலை முடிந்ததும் 'ரீலோட் கேன்சல்' அடிக்க மறந்தால், எல்லோரும் வேலையில் இருக்கும்போது சுவிட்ச் படுத்து எழும். அந்தத் திட்டு உங்களுக்குத்தான்.

கேள்வி: கடையில் உள்ள 8 போர்ட் சாதாரண சுவிட்சுக்கு என்ன ஐபி கொடுப்பது?
(வாசகர், களியக்காவிளை)

அது அன்மேனேஜ்டு (உள்ளே நுழைந்து அமைக்க முடியாத) வகை என்றால் கொடுக்க இடமே இல்லை. கேபிளைச் செருகுங்கள், போதும்.