இசையில் டெக்ஸ்ச்சரைக் காதால் எப்படி இனங்காண்பது?

பல கருவிகள் சேர்ந்து ஒலித்தாலே அது பாலிஃபோனி, அதாவது பல தனி மெட்டுகள் ஒன்றாக ஒலிக்கும் இசை, ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஒரே நேரத்தில் தனித்து நடைபோடும் மெட்டுகள் எத்தனை, அவற்றுக்குள் உறவு என்ன என்பதே டெக்ஸ்ச்சர். நூறு பேர் கூடி ஒரே மெட்டைப் பாடினாலும் அது மோனோஃபோனிதான்.

காதைப் பழக்குவதற்கு, ஹாண்டெல் 1741-இல் இயற்றிய ‘மெசையா’ என்ற சமய இசைப்படைப்பின் அல்லேலூயா கோரஸை விடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. வாத்திய முன்னுரை முடிந்ததும் மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் ஆகிய நான்கு குரல்களும் ‘அல்லேலூயா’வை ஒரே தாளக்கட்டில் வெவ்வேறு சுரங்களில் பாடுகின்றன, மேற்குரலின் மெட்டு முன்னே நிற்க, மற்றவை அதற்குக் கார்டுகளாக (chords, ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்களாக) அமைந்து துணைசெய்கின்றன. இது ஹோமோஃபோனி. சர்வவல்லமையுள்ள கர்த்தர் ஆளுகிறார் என்று பொருள்படும் வரி வந்தவுடன் நான்கு குரல்களும் ஒரே மெட்டில் இணைகின்றன. கார்டுகள் திடீரென மறைந்துவிடுவதால் அந்த வரி மட்டும் தனியே எடுத்து வைத்ததுபோல் கேட்கும். சற்று நேரத்தில் அதே மெட்டை ஒரு குரல் நிதானமாகப் பாட, அதன் குறுக்கே மற்றவை அல்லேலூயாவை வீசுகின்றன.

நான் மாணவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வது, அவர் என்றென்றும் அரசாளுவார் என்னும் பகுதியைத்தான். பாஸ் தொடங்க, டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என்ற வரிசையில் ஒவ்வொரு குரலும் அதே மெட்டுடன் நுழைகிறது. முன்னே நுழைந்த குரலோ அடங்கிவிடாமல் தன் வழியில் மேலும் நகர்கிறது. முதல் தடவை பாஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை டெனரை. எந்தக் குரலைப் பிடித்தாலும் பாடுவதற்குரிய ஒரு மெட்டு கிடைத்தால் அது பாலிஃபோனி.

பாடநூல்கள் இவ்வகைகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்துக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கே நிமிடம் அளவுள்ள இந்தப் படைப்பிலேயே அவை மாறி மாறி வருகின்றன.

எஞ்சியிருப்பது ஹெட்டரோஃபோனி, அதற்கு நம் கச்சேரி மேடையே போதும். பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின் ஒரு நூலிழை பின்தங்கி அதே சஞ்சாரத்தைத் தன் கமகங்களோடு தொடர்கிறது. மெட்டு ஒன்று, ஆனால் ஒரே கணத்தில் அதற்கு இரு வடிவங்கள். தம்புரா ஆதார சுருதியைத்தான் தருகிறது, மெட்டை அன்று. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.