டிவி சீரியல்களில் வரும் உறவுகளும் அறிவியலும் எவ்வளவு தூரம் நிஜம்?

சீரியலில் வரும் ஆஸ்பத்திரி காட்சிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, குடும்பச் சண்டைகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, இதில் எதுவாவது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் பிளட் பேங்கில் டெக்னீசியன். பகலில் ரத்தப் பைகளோடு குப்பை கொட்டிவிட்டு ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிற ஆள். அதனால் இந்தக் கேள்விக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "பேசாம பாக்குறதா இருந்தா பாரு, இல்லைன்னா எந்திரிச்சுப் போடி" என்பாள்.

சீரியலில் அறிவியல் தப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. அந்தத் தப்புகள் தாறுமாறாக வருவதில்லை, எல்லாமே ஒரே பக்கம்தான் சாய்கின்றன. யார் யாருக்குப் பிள்ளை, யார் யாருக்குச் சொந்தம் என்பதைக் கதைக்குத் தேவையான நேரத்தில் போட்டு உடைக்க எது உதவுமோ, அந்தப் பக்கம்.

நான் பிழைக்கிற பிழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும், டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே வருவார், "பேஷண்டுக்கு ஏபி நெகட்டிவ், ரொம்ப ரேர் குரூப், ஒரு மணி நேரத்துல கிடைக்கலைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். ஏபி நெகட்டிவ் அபூர்வம்தான். நம் நாட்டில் நெகட்டிவ் குரூப்பே நூற்றுக்கு 5 பேர் அளவில்தான் இருக்கும், அதிலும் ஏபி என்றால் இன்னும் சொற்பம். ஆனால் ஏபி நெகட்டிவ் நோயாளிக்கு ஏபி நெகட்டிவ்தான் ஏற்றியாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. சிவப்பணுக்களைப் பொறுத்தவரை ஏ, பி, ஓ, ஏபி என்று எந்த நெகட்டிவ் கையில் இருந்தாலும் அவருக்குக் கொடுக்கலாம். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது ஓ நெகட்டிவ் நோயாளி வரும்போதுதான். எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய குரூப், வாங்குவது மட்டும் இன்னொரு ஓ நெகட்டிவிடம்தான். சரி, ஏன் சீரியலில் எப்போதும் ஏபி நெகட்டிவ்? காணாமல் போன அப்பாவோ, மூத்த தாரத்துப் பிள்ளையோ அதே குரூப்பாக இருக்க வேண்டும், வராந்தா முனையில் நின்று "என் குரூப்பும் ஏபி நெகட்டிவ்தான்" என்று சொல்ல வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஓ பாசிட்டிவ் என்றால் அந்த வராந்தாவில் நாலு பேர் கை தூக்கிவிடுவார்களே.

அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு டியூப் போடுவது. இது நூறு வருஷத்துக்கு முந்தைய வைத்தியம். 1914-இல் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று தெரிந்து பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே அறையில் இருக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. இன்று ஒருவர் கொடுக்கிற 350 மில்லியோ 450 மில்லியோ பைக்குள் போய், எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ் இரண்டு வகை, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பார்த்த பிறகுதான் வெளியே வரும். சிவப்பணு 2 முதல் 6 டிகிரி ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். தட்டணுக்கள் அறை வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே இருக்கிற ஒரு பெட்டியில், 5 நாள். அதாவது உங்கள் வீட்டு ஆளுக்கு இன்று ஏறுகிற ரத்தம் போன வாரம் யாரோ கொடுத்தது.

இதைச் சொன்னால் ஏமாந்து போகிறவர்கள் உண்டு. போன மழைக்காலத்தில் நைட் டூட்டியில் ஒரு ஐயா வந்தார். மகன் பைக்கில் போய் லாரியில் மோதி உள்ளே கிடக்கிறான். இவருக்கு 55 வயது இருக்கும், உழைத்த உடம்பு. சட்டைக் கையை மடித்துக்கொண்டே "என் ரத்தத்தை எடுத்து எம் புள்ளைக்கு ஏத்து தாயி, வேற யாருதும் வேணாம்" என்றார். எங்களுக்கு இது தினமும் கேட்கிற வசனம், பாதி சீரியல் புண்ணியம். ஆனால் நாங்கள் முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறது பெற்ற பிள்ளைக்கு, உடன்பிறந்தவருக்கு என்று நெருங்கிய ரத்த சொந்தம் கொடுக்கிற ரத்தத்தைத்தான். காரணம் இதுதான். பையில் இருக்கிற வெள்ளையணுக்கள் அந்நிய ஆளுடையது என்றால் நோயாளியின் உடம்பு அடையாளம் கண்டு ஒழித்துவிடும். அப்பாவுடையது என்றால் பாதிக்குப் பாதி தன்னைப் போலவே இருப்பதால் சில சமயம் விட்டுவிடும். அவை உள்ளே தங்கிப் பெருகி, தங்க இடம் கொடுத்த உடம்பையே தாக்கும். அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் பிழைப்பவர்கள் மிகமிகக் குறைவு. கட்டாயம் சொந்தக்காரர் ரத்தம்தான் என்றால் பையைக் கதிர்வீச்சில் காட்டி அந்த அணுக்கள் பெருக முடியாமல் செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. ரத்த பாசம் என்று இருபத்தைந்து வருஷமாக வசனம் பேசுகிறார்களே, அந்த ரத்தம்தான் எங்களுக்குப் பயம்.

அந்த ஐயாவிடம் இவ்வளவும் சொல்ல முடியுமா? "உங்க ரத்தத்தை எடுத்துக்குறோம்ய்யா, அது வேற ஒருத்தருக்குப் போகும், உங்க பையனுக்கு வேற ஒருத்தர் குடுத்தது இப்பவே ரெடியா இருக்கு" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கொடுத்தார். பையை வாங்கிக்கொண்டு போகும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே நம்பர், குரூப், எடுத்த தேதி, காலாவதி தேதி, அவ்வளவுதான் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்காது. "யாரு பெத்த புள்ளையோ" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "ரொம்பச் சில்லுனு இருக்கே தாயி, வெந்நீர்ல வெச்சுக் குடுக்கவா?" என்று கேட்டார். ஐயோ, வேண்டவே வேண்டாம், சூடு பட்டால் அணுக்கள் உடைந்துவிடும், அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் நாங்களே திருப்பி எடுக்க மாட்டோம், நேரே வார்டுக்குக் கொண்டு போங்கள் என்று விரட்டினேன். துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். இந்தக் காட்சியை எந்த சீரியலிலும் நான் பார்த்ததில்லை.

குரூப்பை வைத்து யார் பிள்ளை என்று கண்டுபிடிக்கிற எபிசோடுக்கு வருவோம். குரூப் ஒத்துப்போனால் அப்பா என்று அர்த்தமே இல்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் எனக்கு அண்ணன் தம்பி. "இவர் இல்லை" என்று வேண்டுமானால் குரூப் சொல்லும், அதிலும் விதிவிலக்கு உண்டு. பெரிய விதிவிலக்கு நம் நாட்டிலேயே கண்டுபிடித்ததுதான். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டே என்பவரின் குழு கண்டறிந்தது, அதனால் பெயரே பாம்பே குரூப். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும். சாதாரணமாக டெஸ்ட் செய்தால் ஓ என்றுதான் காட்டும், ஆனால் ஓ ரத்தமே அவருக்கு ஒத்துக்கொள்ளாது, இன்னொரு பாம்பே குரூப் ஆள்தான் வேண்டும். அவருடைய ஜீனில் பி ஒளிந்திருக்கலாம், அது பிள்ளைக்குப் போகலாம். அப்பா ஓ, அம்மா ஓ, பிள்ளை பி. இது தெரியாத மாமியார் கையில் இந்த ரிப்போர்ட் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கதாசிரியர்களுக்கு இவ்வளவு நல்ல முடிச்சு சும்மா கிடக்கிறது, எடுக்க ஆளில்லை.

டிஎன்ஏ டெஸ்ட் இன்னொரு கூத்து. வில்லி ஒருத்தி சீப்பிலிருந்து முடியை எடுத்துக் கவரில் போட்டு அனுப்புவாள், மறுநாள் ரிப்போர்ட் வரும், அதை இன்னொருத்தி மாற்றிவைப்பாள். நிஜத்தில் கோர்ட்டு வரைக்கும் போனால் அங்கே டிஎன்ஏ அவ்வளவு சுலபமாக உள்ளே நுழையாது. தாலி கட்டி வாழும் காலத்தில் பிறந்த குழந்தை, அல்லது கல்யாண பந்தம் சட்டப்படி முடிந்து 280 நாளுக்குள் பிறந்த குழந்தை, அந்தக் கணவனுடையதுதான் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே எழுதிவைத்திருந்தது, 2023-இல் வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. பரிசோதனையைச் சும்மா கேட்டதும் உத்தரவு போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. குழந்தை தலையில் களங்கம் விழக்கூடாது என்பது அதன் நோக்கம். சீரியல் மாமியாரைவிடச் சட்டத்துக்கு இரக்கம் அதிகம்.

கிட்னி தியாகமும் இந்த வகைதான். யாருக்கும் தெரியாமல் மருமகள் கிட்னி கொடுத்துவிட்டு எப்போதும்போல வாசலில் கோலம் போடுவாள். 1994-ஆம் வருஷச் சட்டத்தின்படி நெருங்கிய சொந்தம் என்றால் அதற்கு ஆவணம் வேண்டும், மருமகள் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டாள், அனுமதிக் குழு முன்னால் போய் உட்கார்ந்து தன் விருப்பத்தில்தான் கொடுக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். ஊருக்கே தெரிந்துதான் கொடுக்க முடியும்.

நெஞ்சை அமுக்கியதும் கண் விழிப்பது நம் ஊர் வியாதி மட்டும் கிடையாது. 1996-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'ஈஆர்', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' என்று மூன்று நிகழ்ச்சிகளின் எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து எண்ணியிருக்கிறார்கள். இதயம் நின்று முதலுதவி செய்தவர்களில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துக்கொண்டார்களாம். நிஜத்தில் ரோட்டிலோ வீட்டிலோ இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் நல்லபடியாக வீடு திரும்பினாலே பெரிய விஷயம். மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுப்பதும் தப்பு, இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதுதான் ஷாக். கோமா, ஞாபக மறதி பற்றி எல்லாம் சொன்னால் நீளும். பூஜை மணி கேட்டு யாரும் மேக்கப் கலையாமல் எழுந்து உட்கார மாட்டார்கள் என்பதோடு விடுகிறேன்.

உறவுகள் விஷயத்தில்தான் எனக்கு எரிச்சலோடு கொஞ்சம் மரியாதையும் உண்டு. பாலில் விஷம், ஆள் வைத்துக் கடத்தல், பத்து வருஷம் காத்திருந்து பழிவாங்கல், இதெல்லாம் ரீல். அவ்வளவு திட்டம் போட்டு வேலை செய்கிற ஆட்கள் எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு வேன் பிடிக்கவே நாலு நாள் சண்டை. ஆனால் ஐசியு வாசலில் சீரியல்காரர்கள் காட்டுகிற சில விஷயம் அச்சு அசல். "அட்டெண்டர் ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டதும் அம்மாவும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். அந்த இரண்டு செகண்டை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யார் கையெழுத்துப் போடுவது, யார் நகையை வைப்பது, அக்கா வீட்டுக்காரர் வந்தாரா இல்லையா, வந்தவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றதும் ஏன் போன் பேசிக்கொண்டே படியிறங்கினார், இதெல்லாம் நிஜம்தான். சீரியலில் விட்டுப்போவது இதைச் சுற்றி இருக்கிற அலுப்பு. பாய் விரித்து வராந்தாவில் படுப்பது, இன்ஷூரன்ஸ் கவுண்டரில் ஜெராக்ஸ் கேட்பது, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீக்கு அலைவது. ஐசியு வாசலில் நான் பார்த்த பெரிய சண்டை சொத்துக்காக இல்லை, ஒரே ஒரு சார்ஜர் பாயிண்டுக்காக, அதுவும் சம்பந்திகளுக்குள்.

2002-இல் வந்த 'மெட்டி ஒலி'யை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பா, கட்டிக்கொடுத்த இடங்களில் நடப்பது, அவ்வளவுதான் கதை. சீர் குறைந்ததற்கு ஒரு முகச்சுளிப்பு, மகள் வீட்டுக்குப் போன அப்பா வாசலிலேயே நின்று பேசிவிட்டுக் கிளம்புவது என்று சின்னச் சின்னதாக வலிக்கிற மாதிரி இருக்கும். அதற்கு டிஎன்ஏ ரிப்போர்ட் தேவைப்படவில்லை.

முந்தாநாள் ராத்திரி அம்மா பார்க்கிற சீரியலில் மறுபடி சீப்பிலிருந்து முடி எடுத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. அம்மா, வேரோடு பிடுங்கின முடியாக இருந்தால்தான் அப்பா யார் என்று சொல்ல முடியும், சீப்பில் அறுந்து கிடக்கிற முடியில் பெரும்பாலும் கிடைப்பது அம்மா வழியில் வருகிற டிஎன்ஏதான், அதுவும் அம்மா, அம்மா கூடப் பிறந்த அக்கா, தங்கச்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று விளக்கினேன். விளம்பர இடைவேளை முடிகிற வரைக்கும் யோசித்தாள்.

"அப்பன்னா அவ பெத்தவளா, பெரியம்மாவா, சித்தியான்னு தெரியாது?"

"தெரியாது."

"அட, அதை வெச்சே இன்னும் ஆறு மாசம் ஓட்டலாமேடி."