டன்கர்க்கிலிருந்து கரையேறிய ஒரு பட்டாலியன் மறுபடியும் பட்டாலியன் ஆனது எப்படி?

1940-இல் பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தப்பி வந்த ஒரு பிரிட்டிஷ் காலாட்படைப் பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு), பீரங்கி, லாரி, தளவாடம் அனைத்தையும் பிரான்ஸிலேயே விட்டுவிட்டு வந்தபின், சொந்த நாட்டில் எவ்வாறு மீண்டும் போரிடத்தக்க படையாக எழுந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் பதினேழு ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியவன். பெயர்ப்பட்டியல் தயாரிப்பதும், வந்தவர், போனவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் என்று ஒவ்வொருவரின் நிலையையும் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் ஆணையில் பதிவதும்தான் என் வேலையாக இருந்தன. ஆகவே நான் ஆள்கணக்கின் பக்கமிருந்துதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்தப் பக்கத்தில்தான் உண்மையான விடையும் இருக்கிறது என்று நம்புகிறேன்.

எனக்கு இந்தக் கேள்வி முதலில் எழுந்த இடம் கொஹிமா. நாகாலாந்தில் பணியில் இருந்தபோது அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். பிரிட்டனின் ராயல் நார்ஃபோக் ரெஜிமெண்டின் (பல பட்டாலியன்கள் அடங்கிய படையமைப்பு) சின்னமான, அமர்ந்த கோலத்தில் இருக்கும் பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவம்) உருவத்தைத் தாங்கிய கற்களை அங்கே பார்த்தேன். 1940-இல் பிரான்ஸில் ஏறக்குறைய அழிந்துபோன அதே 2-ஆம் பட்டாலியன்தான் 1944-இல் இங்கே வந்து ஜப்பானியரோடு போரிட்டது என்று அறிந்தபோது, அழிந்த ஒன்று எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்ற வியப்பு என்னை விடவேயில்லை.

அழிந்துபோன என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1940 மே மாதக் கடைசி வாரத்தில் பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி கடற்கரையை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, 2-ஆம் டிவிஷனைச் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படை) சேர்ந்த இந்தப் பட்டாலியன் வட பிரான்ஸின் லா பாஸே கால்வாய்க் கரையில் ஜெர்மானியர்களைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பில் இருந்தது. மே 27 அன்று லெ பாரடி என்ற சிற்றூரில் அதன் தலைமையகம் சூழப்பட்டது. தோட்டாக்கள் தீர்ந்தபின் சரணடைந்த 99 பேரை எஸ்.எஸ். எனப்படும் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையினர் ஒரு பண்ணைக் கட்டடத்தின் சுவரோரம் நிறுத்தி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். 97 பேர் இறந்தார்கள். இருவர் மட்டும் பிணங்களுக்கு இடையில் உயிரோடு கிடந்தார்கள். பட்டாலியனைத் தலைமைதாங்கி நடத்திய மேஜர் லைல் ரைடரும் அங்கேயே மாண்டார். அப்படியானால், டன்கர்க்கில் கப்பலேறியது தலைமையகம் இல்லாத ஒரு பட்டாலியனின் மிச்சம்.

கடல்வழி வெளியேற்றத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,226 பேர் மீட்கப்பட்டார்கள். சிறு படகுகளே அவர்களைக் காப்பாற்றின என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் சுமார் 2,39,000 பேர் துறைமுகத்திலிருந்து, பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள கிழக்கு அலைதடுப்பு மேடையின்மீது நடந்துபோய்ப் பெரிய கப்பல்களில் ஏறினார்கள். கப்பல்கள் அணைவதற்காகக் கட்டப்படாத மேடை அது. மணற்கரையிலிருந்து ஏறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஓர் எழுத்தராக நான் கவனிப்பது வேறொன்றை: கப்பலுக்கு ஆள் ஏற்றியவர்கள் யார் எந்தப் பட்டாலியன் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை, பார்க்கவும் முடியாது. வரிசையில் முன்னால் நின்றவன் ஏறினான். ஒரே கம்பெனியைச் (பட்டாலியனின் உட்பிரிவு) சேர்ந்த பத்துப் பேர் நான்கு கப்பல்களில் நான்கு துறைமுகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பட்டாலியன் உண்மையில் சிதறியது இங்கிலாந்தின் துறைமுகங்களான டோவரிலும் ராம்ஸ்கேட்டிலும்தான் என்று சொல்வேன். கரையேறியவர்களைக் கடலோரத்தில் தேங்கவிடாமல், 600-க்கும் மேற்பட்ட சிறப்பு ரயில்களில் உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். கெண்ட் மாவட்டத்து ஹெட்கார்ன் போன்ற சிறிய நிலையங்களில் தேநீரும் ரொட்டியும் கொடுத்து, வண்டியை உடனே நகர்த்தினார்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கியவன், அந்த ஊர் முகாமில் தன் படை எண்ணையும் பெயரையும் ரெஜிமெண்டையும் சொல்லிப் பதிந்துகொண்டான். ஒவ்வொரு முகாமிலும் இருந்த எழுத்தர்கள் அந்தத் துண்டுத் துண்டான பட்டியல்களைப் பிரித்து, இன்ன பட்டாலியன் இன்ன ஊரில் கூடுகிறது என்று அறிவித்து, ரயில் அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்து, இரண்டிரண்டு பேராக, ஐந்தைந்து பேராக அனுப்பிவைத்தார்கள். வீரதீரக் கதைகளில் இந்த வேலைக்கு இடமில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே தோன்றுகிறது.

எல்லாப் பட்டாலியனும் இப்படி மிச்சமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நார்ஃபோக்கின் பக்கத்து மாவட்டமான சஃபோக்கின் 1-ஆம் பட்டாலியன், தளபதி மான்ட்கோமரியின் 3-ஆம் டிவிஷனில் இருந்தது. (1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்ற ரெஜிமெண்ட் அது, அந்த ஊரின் பெயர் அதன் போர்ச் சிறப்புகளில் ஒன்று.) அந்த டிவிஷன் பெருமளவு குலையாமல் வந்தது. சாமர்செட்டில் கூடிய அதற்குத்தான் கையிருப்பில் இருந்த ஆயுதங்கள் முதலில் வழங்கப்பட்டன. காரணம், அதை மறுபடியும் பிரான்ஸுக்கே அனுப்பத் திட்டமிட்டிருந்தார்கள். ஜூன் 17-இல் பிரான்ஸ் சண்டைநிறுத்தம் கோரியதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, டிவிஷன் பிரைட்டன் பகுதிக் கடற்கரைக் காவலுக்குப் போனது. ஜூலைத் தொடக்கத்தில் அங்கே வந்த பிரதமர் சர்ச்சிலிடம், தன் வீரர்களை ஏற்றிச்செல்ல வண்டி இல்லை என்று மான்ட்கோமரி முறையிட்டார். எதிரிலேயே ஊர் பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று சர்ச்சில் போர்த் துறைக்கு எழுதினார். நாட்டிலேயே முதலில் ஆயுதம் பெற்ற டிவிஷனின் நிலை இதுவென்றால், மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அதே சஃபோக் பட்டாலியன் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கி, ‘ஹில்மேன்’ என்று குறிப்பெயரிடப்பட்ட வலுவான அரணைக் கைப்பற்றியது.

நார்ஃபோக் பட்டாலியனுக்கு வாய்த்தது கடினமான வழி. தலைமையகம் போய்விட்டதென்றால், எங்கள் பேச்சில் சொல்வதானால், நஃப்ரி எனப்படும் ஆள்பலம் குறைந்ததோடு அந்த ஆள்பலத்தை அறிந்தவர்களும் போய்விட்டார்கள் என்று பொருள். எவன் குறி தவறாமல் சுடுவான், எவனுக்கு வயர்லெஸ் தெரியும், எவனுக்குப் பதவி உயர்வு தந்து லான்ஸ் நாயக் ஆக்கலாம் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் முழுமையாக இருப்பதில்லை. பட்டாலியனின் நிர்வாக அதிகாரியான அட்ஜுடண்ட் மனத்திலும், சிப்பாயாக இருந்து உயர்ந்த மூத்தவரான சுபேதார் மேஜர் மனத்திலும்தான் இருக்கும். அந்தப் படையிலும் அத்தகைய பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களை இழந்த நிலையில், தப்பிவந்த பழைய சிப்பாய்களைக் கம்பெனிதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்து, அவர்களைச் சுற்றிக் கட்டாயப் படைச்சேர்ப்பில் வந்த இளைஞர்களை நிரப்புவதே வழி. கோத் எனப்படும் ஆயுத அறையைத் தொழிற்சாலை நிரப்பிவிடும், ஆனால் ஒரு கம்பெனி ஹவில்தாரை (சார்ஜெண்ட் நிலையிலுள்ளவர்) உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். 2-ஆம் டிவிஷனுக்கு அந்த ஆண்டுகள் கிடைத்தன. 1942-இல் அது இந்தியாவுக்குக் கப்பலேறியது. அகமதுநகர்ப் பகுதியில் பயிற்சி பெற்றது. 1944 ஏப்ரலில் கொஹிமாவுக்கு அழைக்கப்பட்டது. அங்கே மே 6 அன்று ஜப்பானியப் பதுங்குகுழியொன்றைத் தன் உடலாலேயே அடைத்து உயிர்நீத்த நார்ஃபோக் பட்டாலியனின் கேப்டன் ஜான் ராண்டலுக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

லெ பாரடியில் உயிர்தப்பிய இருவரில் ஒருவர், காயமுற்ற போர்க்கைதியாக 1943-இல் நாடு திரும்பி நடந்ததைச் சொன்னார். அவரை அதிகாரிகள் நம்பவில்லை. போர் முடிந்தபின் இருவரும் அளித்த சாட்சியத்தின்மேல் 1948-இல் ஹாம்பர்க்கில் விசாரணை நடந்து, சுடும்படி ஆணையிட்ட ஃபிரிட்ஸ் நோக்லைன் 1949 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். கொஹிமாவில் நான் பார்த்த கற்களுக்குக் கீழே இருப்பவர்கள், தங்கள் பட்டாலியனின் தலைமையகத்துக்கு என்ன நேர்ந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்வதற்கு முன்பே இறந்தவர்கள்.