அறியப்படாத எழுத்தாளருக்கு இணையக் கடைகளின் போட்டியால் லாபமா?

கேள்வி: இணையப் புத்தகக் கடைகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைப்பது, அதிகம் அறியப்படாத எழுத்தாளர்களுக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா?

விலைக் குறைப்பால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கடைகள் பலவாக இருந்தால் பயன் உண்டு.

என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளை ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. அந்த அனுபவத்தில், கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். புத்தகத்தின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்குக் கழிவு 40 சதவீதம் என்றால் 80 ரூபாய் போய்விடும். 300 பிரதி மட்டும் அடிப்பதால் அச்சுக்கூலி பிரதிக்கு 70 ரூபாய் என்போம். எனக்கு ராயல்டி 20 ரூபாய். மிஞ்சுகிற 30 ரூபாயில்தான் பதிப்பாளர் மெய்ப்புத் திருத்தியவருக்கும் அட்டை வடிவமைத்தவருக்கும் கொடுக்க வேண்டும். இதில் 30 சதவீதத் தள்ளுபடிக்கு எங்கே போவது? பல்லாயிரம் பிரதி ஓடும் புத்தகத்துக்கு அச்சுக்கூலி வெகுவாகக் குறையும். கழிவைக் கூட்டிக் கேட்கவும் கடைக்காரருக்குத் தெம்பு இருக்கும். ஆகவே விலைப்போர் நடப்பதெல்லாம் பிரபலங்களின் புத்தகங்களை வைத்துத்தான். பக்கத்திலேயே முழு விலையில் கிடக்கும் என் புத்தகத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளுக்கு இவ்வளவா என்று வாசகர் யோசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னைப் புத்தகக் காட்சியில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே எல்லாருக்கும் பொதுவாக 10 சதவீதத் தள்ளுபடி என்பதே வழக்கம்.

பிரான்ஸ் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது என்று 1981இலேயே விதித்தார்கள். இணையக் கடைகள் வந்து இலவசமாக அனுப்பத் தொடங்கியதும் அந்தச் சட்டத்தில் ஓட்டை விழுந்தது. அதனால் 2023 முதல் 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ அனுப்பும் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும்.

இனி கடைகளின் எண்ணிக்கை. நம் நாட்டில் ஃபிளிப்கார்ட் 2007இல் புத்தகம் விற்றுத்தான் தொடங்கியது. அமேசான் இந்தியா 2013இல் வந்தது. ஃபிளிப்கார்ட் மின்னூலும் விற்றுப் பார்த்தது, 2015 இறுதியில் கைவிட்டுவிட்டது. 2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் கடையான கிண்டில் தமிழுக்கு வந்தபோது அதற்கு ஈடாக நிற்கும் கடை எதுவும் இல்லை. கிண்டில் வந்திராவிட்டால் பதிப்பாளர் கிடைக்காத பலருக்குப் புத்தகமே வந்திருக்காது, அது உண்மை. ஆனால் நிபந்தனையையும் பாருங்கள். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் மின்னூலை 90 நாள், 90 நாளாக வேறெங்கும் விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் 35 சதவீதம்தான். மாதச் சந்தா கட்டிக் கிண்டிலில் படிக்கும் முறையில் 2015 ஜூலை முதல் வாசிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் பணம். அறுபது பக்கக் கவிதைத் தொகுப்பை ஒருவர் நான்கு முறை படித்து உருகினாலும் முதல் வாசிப்பு மட்டுமே கணக்கு. நீட்டி முழக்கும் தொடர்கதை எழுதுகிறவர் பிழைத்துக்கொள்வார்.

கடை ஒன்று அளவுக்கு மீறி வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2014இல் அமெரிக்காவில் பார்த்தோம். மின்னூல் விலை குறித்து அமேசானும் ஹாஷெட் பதிப்பகமும் மோதிக்கொண்டன. ஹாஷெட் புத்தகங்கள் பலவற்றுக்கு முன்பதிவு நிறுத்தப்பட்டது, அனுப்புவதும் தாமதமானது. பெரிய எழுத்தாளரின் வாசகர் வேறு கடைக்குப் போய்க் கேட்டு வாங்கிவிடுவார். முதல் நாவல் எழுதியவரைத் தேடிக்கொண்டு யார் போவார்கள்? எடன் லெபுக்கி என்ற அறிமுக எழுத்தாளரின் நாவலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் எடுத்துக்காட்டி, வேறு கடையில் முன்பதிவு செய்யச் சொன்னார்கள். அது விற்பனைப் பட்டியலில் ஏறியது. அந்த யோகம் வாய்க்காத மற்றவர்கள் நவம்பரில் சமரசம் ஏற்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

என் கதை இவ்வளவு பெரியதல்ல. ஒரு பெரிய இணையக் கடையில் என் முதல் தொகுப்பு ‘கையிருப்பில் இல்லை’ என்றே நெடுநாள் கிடந்தது. விற்றுத் தீர்ந்துவிட்டது என்று நண்பர்கள் வாழ்த்தினார்கள்! கட்டுக் கட்டாகப் பதிப்பாளர் வீட்டுப் பரணில் இருந்தது. பிறகு யாரோ ஒரு விற்பனையாளர் அதையே மூன்று மடங்கு விலைக்குப் பட்டியலிட்டார். அதே நாட்களில் புத்தகம் மட்டுமே விற்கும் ஒரு சிறிய தமிழ் இணையக் கடை, தொகுப்பிலிருந்து ஒரு கதையைத் தன் பக்கத்தில் போட்டது. எனக்கு வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை அங்கே வாங்கியவர்கள் எழுதியவை.

இப்படிப்பட்ட சிறிய கடைகளுக்குத்தான் இப்போது நெருக்கடி. மலிவான பதிவுப் புத்தக அஞ்சலைத் தபால் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. இலவசமாக அனுப்பும் பெரிய கடையோடு கூரியர் செலவைச் சுமந்துகொண்டு மோதுவது லேசல்ல. எங்கள் பதிப்பாளர் ஐந்து புத்தகத்துக்கு மேல் ஒரே பார்சலாக வாங்குபவர்களுக்கு அனுப்பும் செலவைத் தானே ஏற்கிறார். அதனால் நண்பர்கள் சேர்ந்து ஆர்டர் போடுவது கொஞ்சம் கூடியிருக்கிறது.